ஏரியில் துடுப்பு, இரவுக்குக் கூடாரம்: சேலத்திலிருந்து எங்கே போகலாம்?

ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் ஏரி, கையில் துடுப்பு, இருட்டியதும் கரையிலேயே ஒரு கூடாரம். இந்த ஆசை இப்போது சேலத்தில் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. கனடா ஏரிகளில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காற்றடிக்கும் கயாக் (ஒடுக்கமான சிறு துடுப்புப் படகு) ஒன்றை இணையத்தில் வாங்கிப் பரண்மேல் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. வாங்கியது நல்ல காரியம்தான். அதை எந்தத் தண்ணீரில் இறக்குவது, எந்த மண்ணில் படுப்பது என்று தெரியாமல்தான் அது பரண்மேலேயே கிடக்கிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் காடும் கூடாரமும் ஒரே கரையில், முறையான அனுமதியோடு அமைகிற இடம் எதையும் சேலம் சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. நம் பக்கம் தண்ணீரை ஒட்டிக் காடு இருந்தால் அது அநேகமாகக் காப்புக்காடு. வனத்துறையைக் கேட்காமல் உள்ளே போவதே குற்றம், ராத்திரி தங்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை அரசே திறந்து, பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு நடக்கும் ஏற்பாட்டையும் செய்தது. காட்டில் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அது போதும். படகுக்காரர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஆகவே, முடிவெடுக்கும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்குத் தண்ணீர் பெரிதா, ராத்திரி பெரிதா? இரண்டையும் ஒரே தரத்தில் ஓர் இடம் தராது. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்துவிட்டால் இடம் தானாகப் பிடிபடும்.

ஏற்காடு: ராத்திரிக்கு

சேலத்துக்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது ஏற்காடுதான். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் ஊருக்கு நடுவே ஏரி. ஆனால் துடுப்புப் போடுவதற்காகவே போகிறவருக்கு அந்த ஏரி ஏமாற்றம் தரும். சுற்றுலாக் கழகத்தின் படகு இல்லத்தில் வாடகைக்குக் கொடுக்கும் மிதி படகு, துடுப்புப் படகு போன்றவைதான் உண்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். கரையைச் சுற்றிலும் சாலை, கடை, பேருந்து ஹாரன். மே மாதம் கோடை விழா சமயத்தில் படகைவிட வரிசை நீளம். பிள்ளைகளுக்குத் துடுப்பு என்றால் என்ன என்று முதன்முதலாகக் காட்ட இது நல்ல இடம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கூடாரம் என்று வந்தால் கதை வேறு. சேர்வராயன் மலையில் தனியார் காப்பித் தோட்டங்கள் நிறைய. அவற்றில் சிலவற்றில் கூடாரம் அடித்துத் தங்க இடம் தருகிறார்கள். பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதம், கழிப்பறை வசதி, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் காவலாளி. சட்டப்படியும் சரி, குடும்பத்தோடு போகவும் சரி. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம் என்பதால் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் குளிர் உறைக்கும். சேலத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே இரண்டு போர்வை கேட்கும்.

தோட்டத்தில் எங்கே கூடாரம் போடுவது என்பதில் கவனம் வேண்டும். காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் சில்வர் ஓக் அதிகம், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பார்க்க அழகு, ஆனால் அதன் கிளை சட்டென்று முறியும் ஜாதி. காற்று நாளில் அதன் அடியில் படுக்கவே கூடாது. காப்பிச் செடி வரிசைகளுக்கு நடுவே மழைநீர் நிற்பதற்காகச் சிறு சிறு குழிகள் வெட்டியிருப்பார்கள். பகலில் இலைச்சருகு மூடிக் கிடக்கும் அந்தக் குழியில்தான் ராத்திரி எழுந்து போகிறவர் கால் போய் மடங்கும். வெளிச்சம் இருக்கும்போதே போக வர ஒரு பாதையை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு டார்ச் கட்டாயம். காட்டெருமைகள் தோட்டத்துக்குள் வந்துபோவது ஏற்காட்டில் சாதாரணம், அவை ஆட்களைத் தாக்கிய சம்பவங்களும் உண்டு. சாப்பாட்டு மிச்சத்தைக் கூடாரத்துக்கு வெளியே போட்டு வைக்காதீர்கள். உருவம் தெரிந்தால் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே பின்வாங்குங்கள், படம் எடுக்க நெருங்க வேண்டாம்.

குளிரைச் சமாளிக்கப் பலரும் மேலே போர்த்துவதையே யோசிக்கிறார்கள். அடியில் விரிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் உடம்புச் சூட்டை மண் உறிஞ்சிக்கொள்ளும். கோரைப்பாய், அதன்மேல் ஃபோம் விரிப்பு, அதற்கும் மேலே ஒரு பவானி ஜமுக்காளம் போட்டுப் படுத்துப் பாருங்கள். விலை கூடிய தூக்கப்பை இல்லாமலே விடிந்துவிடும். இன்னொன்று, குளிருக்குப் பயந்து ஜன்னல் வலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டால் உள்ளே விடும் மூச்சே துணியில் நீராகக் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மேல்பக்கம் ஒரு திறப்பை விட்டே வையுங்கள். இரட்டைத் துணி உள்ள கூடாரமாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பிப்ரவரி முதல் மே வரை மலைச்சரிவுகள் காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ வருகிற காலம். அந்த மாதங்களில் தோட்டக்காரரே அனுமதித்தாலும் விறகு மூட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சின்ன கேஸ் அடுப்பில் காப்பி போட்டாலும் காப்பிதான். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இன்னொரு சிக்கல், மலைப்பாதை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

நடுவில் சில இடங்கள்

கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சிலர் கேட்கிறார்கள். நகரத்துக்குள்ளேயே, மலை அடிவாரத்தில் இருக்கிற ஏரி. 2010-ல் மக்கள் ஒன்றுசேர்ந்து தூர்வாரி, நடுவே மண் திட்டுகள் எழுப்பி மரம் வைத்தார்கள். இன்றைக்கு அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. அதனால்தான் சொல்கிறேன், அங்கே படகு வேண்டாம். கரையில் பைனாகுலரோடு நின்று பார்க்க வேண்டிய ஏரி அது.

வாழப்பாடியிலிருந்து பேளூர் வழியாகப் போனால் புழுதிக்குட்டையில் ஆனைமடுவு அணை. அருநூற்றுமலைப் பக்கத்துத் தண்ணீர் வந்து தேங்குகிற சின்ன அணை, கொள்ளளவு 267 மில்லியன் கன அடிதான். மூன்று பக்கமும் மலை, நடுவில் அசையாத தண்ணீர். வீடியோவில் பார்த்த காட்சிக்கு நம் மாவட்டத்தில் மிக நெருங்கி வருவது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பாசன அணை. மழை பொய்த்த ஆண்டில் சேறும் பாறையும்தான் மிஞ்சும். சுற்றுமலை காப்புக்காடு என்பதால் தங்கவும் வழியில்லை. ஒரு பகல் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். இந்த ஒப்பீட்டில் அதற்கு மேல் அதை வைக்க முடியாது.

ஒகேனக்கல் பரிசல் தனி அனுபவம். ஆனால் அங்கே துடுப்பு உங்கள் கையில் இருக்காது, பரிசல்காரர் கையில் இருக்கும். அதுதான் அங்கே சரியும்கூட. பாறைக்கு நடுவே சுழித்து ஓடும் ஆற்றில் பழகாதவர் துடுப்பைத் தொடக் கூடாது.

பண்ணவாடி: தண்ணீருக்கு

உண்மையிலேயே துடுப்புப் போட ஆசை இருந்தால் நான் கைகாட்டுவது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியை. அணைக்கட்டைத் தாண்டி, கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போங்கள். 1934-ல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). நிறைந்திருக்கும்போது தண்ணீர் பரந்து நிற்பது 59.25 சதுர மைல். ஏற்காட்டு ஏரியில் சுற்றி வந்தவர் இங்கே வந்து நின்றால் எதிர்க்கரை தருமபுரி மாவட்டம் என்பதையே நம்ப மாட்டார். பண்ணவாடிக்கும் எதிரே நாகமரைக்கும் இடையே மக்கள் படகில் போய் வருகிறார்கள். மீனவர்கள் இன்னமும் பரிசலில்தான் வலை போடுகிறார்கள். இங்கே படகு வேடிக்கைப் பொருள் கிடையாது, பிழைப்பு. தண்ணீரைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்பதே எனக்கு இந்த இடத்தில் பிடித்த முதல் விஷயம்.

தண்ணீரில் இறங்கும் முன் கேட்க வேண்டியது இரண்டு இடத்தில். நீர்த்தேக்கம் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பது, அங்கே கேட்டுக்கொள்வதுதான் முறை. அணைப் பக்கம், மதகுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். இரண்டாவது, படகுத்துறையில் இருக்கும் மீனவர்கள். எந்தக் குடாவில் வலை கிடக்கிறது, எங்கே பழைய மரக்கட்டை தண்ணீருக்குள் நிற்கிறது, முதலை நடமாட்டம் எங்கே என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். காவிரியில் முதலை உண்டு, ஒகேனக்கல்லில் அதற்கென்று ஒரு மறுவாழ்வு மையமே இருக்கிறது. “அண்ணே, அந்தப் பக்கம் போலாமா?” என்று கேட்டால், “காலைல போங்க, பத்து மணிக்கு மேல காத்து தூக்கும், திரும்பி வர முடியாதுங்க” என்று ஒரே வரியில் அன்றைய திட்டத்தையே போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

காற்றுதான் இங்கே முதல் எதிரி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அகண்ட நீர்ப்பரப்பில் அலையே எழும்பும். போகும்போது காற்று முதுகில் தள்ளும், பத்து நிமிடத்தில் பாதி தூரம் வந்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருக்கும். திரும்பும்போதுதான் அதன் விலை தெரியும். ஆகவே முதலில் எதிர்காற்றில் போங்கள், கை ஓய்ந்த பிறகு காற்றே கொண்டுவந்து சேர்க்கட்டும். கரையை விட்டு ரொம்ப விலக வேண்டாம்.

எப்போது போவது என்பதற்கு நம்மிடம் நல்ல வழி இருக்கிறது. மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு மூன்றும் தினமும் செய்தித்தாளில் வருகிறது. சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு அது காலைக் காப்பியோடு படிக்கிற செய்தி. நீர்மட்டம் நூறு அடிக்கு மேல், வரத்து நொடிக்குச் சில ஆயிரம் கன அடி என்று இருந்தால் நல்ல நாள். வரத்து பல ஆயிரமாக ஏறி ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை என்று செய்தி வந்தால் வீட்டிலேயே இருங்கள். மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில் பண்ணவாடியில் வேறு காட்சி கிடைக்கும்: அணைக்குள் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே நிற்கும். பார்க்கப் போகலாம், துடுப்புக்கு உதவாது. தண்ணீர் விளிம்பு வெகு தூரம் உள்ளே போயிருக்கும். நடுவே மேலே காய்ந்து அடியில் நெகிழ்ந்த வண்டல். கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். சில மாதங்களில் பச்சைப் பாசி படர்ந்து துர்நாற்றம் வீசுவதும் இந்தப் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் கை நனைக்காமல் திரும்பிவிடுவது நல்லது.

இப்போது ராத்திரிக்கு வருவோம். வழவழவென்ற வண்டல் கரையைப் பார்த்ததும் கூடாரம் அடிக்கத் தோன்றும். அடிக்கக் கூடாது. அது அணையின் நிலம் என்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வரத்து இருந்தால் 8.64 டி.எம்.சி. சேரும். மேலே மழை பெய்தது உங்களுக்குத் தெரியாது, இங்கே வானம் தெளிவாக இருக்கும், அணை ஒரே நாளில் சில அடி ஏறிவிடும். கரை சரிவு குறைவான இடத்தில் ஓர் அடி உயரம் என்பது தண்ணீர் பல அடி தூரம் உள்ளே வருவது. தூங்குகிறவருக்கு அது போதும்.

நீர்ப்பிடிப்பு எல்லைக்கு மேலே, பட்டா நிலத்துக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவர் தோட்டத்து வீட்டுப் பக்கத்தில் கூடாரம் போடுவதே வழி. துறையில் இருக்கும் பரிசல்காரர்களிடம் சொன்னால் யாரையாவது கைகாட்டுவார்கள். களத்துமேடு கிடைத்தால் உத்தமம்: சமதளம், புல் இல்லை, ஊர்வன வந்தால் தெரியும். இந்தப் பக்கக் கட்டாந்தரையில் கட்டுவிரியன் பயம் உண்டு. தரையில் படுப்பவர்களின் படுக்கைக்குள் ராத்திரி ஏறிவரும் பாம்பு அது. கூடாரத்தின் ஜிப்பை எந்நேரமும் மூடியே வைத்திருந்தால் அந்தப் பயம் பெரிதும் தீர்ந்தது. செருப்பைக் காலையில் உதறிப் போடுங்கள். ஒன்று நடந்துவிட்டால் நாட்டு வைத்தியம் தேடாமல் 108-ஐக் கூப்பிட்டு மேட்டூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏற்காட்டின் குளிரும் மணமும் இங்கே கிடைக்காது. ராத்திரி கொசு இருக்கும், விடியும்வரை வெக்கை இருக்கும். ஆனால் ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கும்போது நீர் தட்டையாக, எதிரே மலைவரிசையோடு கிடக்கும். முதல் துடுப்பில் எழும் சின்னச் சுழிகள் பின்னால் வெகு தூரம் வரை அழியாமல் தெரியும். அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கொசுவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் தீர்ப்பு.

எந்தப் படகு?

பரணில் கிடக்கும் காற்றடிக்கும் கயாக் பண்ணவாடிக்குப் போதுமானது, இரண்டு எச்சரிக்கையோடு. முதலாவது முள். நீர் வற்றும்போது கரையில் சீமைக் கருவேலம் மண்டிவிடும், மறுபடி நிறையும்போது அந்தப் புதர்களைத் தண்ணீர் மூடும். ஒரு முள் போதும். கயாக்கைத் தரையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள், தண்ணீருக்கு மேலே குச்சி தலை நீட்டிய பக்கம் போகாதீர்கள், ஒட்டும் பசையும் துண்டுத் துணியும் பம்ப்பும் கையோடு இருக்கட்டும். இரண்டாவது வெயில். காலைக் குளிரில் விறைப்பாக அடித்த காற்று நடுப்பகலில் விரிந்து தையலைப் பிளக்கப் பார்க்கும். கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு நிழலில் போடுங்கள். மீன்வலையின் மிதவை வரிசை தெரிந்தால் சுற்றிப் போவதுதான் மரியாதை. அது ஒருவருடைய அன்றாடக் கூலி.

கயாக் இல்லாதவர்கள் வாங்க அவசரப்பட வேண்டாம். பரிசல்காரர் ஒருவரைக் காலை நேரத்துக்குப் பேசி அமர்த்திக்கொண்டு, அவரிடமே துடுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வட்டமான பரிசல் பழகாதவர் கையில் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கமாக வாரி இழுக்க வேண்டும், தள்ளினால் ஆகாது. அந்த இழுப்பு கைவந்துவிட்டால் கயாக் துடுப்பு லேசாகிவிடும். எதில் ஏறினாலும் உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், குழந்தைகளுக்குக் கால்களுக்கு நடுவே வார் உள்ளதாக. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதிதான்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசை நிஜமான காட்டு ஏரிமேல்தான் என்றால் மினசோட்டா மாநிலத்தின் வட எல்லையில் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற காட்டுப்பகுதி இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள், பெரும்பாலானவற்றில் மோட்டாருக்கு அனுமதி இல்லை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே படகைத் தோளில் தூக்கி நடப்பார்கள். அங்கேயும் நினைத்த இடத்தில் படுக்க முடியாது. மே முதல் செப்டம்பர் வரை ராத்திரி தங்குவதற்குக் கணக்குப்படிதான் அனுமதிச்சீட்டு, ஒரு குழுவில் ஒன்பது பேர், நான்கு படகுக்கு மேல் கூடாது, இரும்பு அடுப்புத் தட்டு பதித்த குறித்த இடத்தில்தான் கூடாரம். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் பயணத்தைச் செப்டம்பருக்கு வைத்துக்கொண்டால் கொசுவும் குறைவு. பண்ணவாடியில் பழகிய கை அங்கே நன்றாகவே பயன்படும்.

சின்னக் குழந்தைகளோடு, முதல் தடவை, வீட்டில் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏற்காட்டுத் தோட்டம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் நல்ல காலம், படகு இல்லத்துக்கு விடுமுறை இல்லாத நாள் காலையில் போங்கள். நான்கைந்து நண்பர்கள், நீச்சல் தெரியும், வசதிக் குறைவு பரவாயில்லை என்றால் பண்ணவாடி. ஜனவரி 28-ல் டெல்டாவுக்குத் தண்ணீர் நிறுத்துவது வழக்கம் என்பதால், அணை நிறைந்த ஆண்டில் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நீர்மட்டம் அதிகம் ஆடாமல் இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்க நினைப்பவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காட்டில் படுத்து, சனிக்கிழமை இறங்கி மேட்டூருக்கு ஓடுகிறார்கள். மதிய வெயிலிலும் காற்றிலும்தான் தண்ணீரைத் தொட முடிகிறது. வேண்டாம், தனித்தனியாகப் போங்கள். வழியில் அணைக்கட்டுப் பக்கத்துக் கடைகளில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, பண்ணவாடிக்கு முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்து, பரிசல்காரரிடம் காலைக்குச் சொல்லி வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள்.